பனிமலையில் விழித்திருந்த இரவு



திருவேங்கடத்துப் பக்கம் வாழும் நமக்குக் குளிர் என்றால் குற்றாலச் சாரல்தான். பனிக்கட்டியில் ஏறுவதை நாம் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் ஆண்டுதோறும் நாம் கொண்டாடும் கிறிஸ்து அரசர் பெருவிழாவை 1925இல் ஏற்படுத்திய திருத்தந்தை 11ஆம் பயஸ், பனிமலை ஏறிய குரு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

அவரது இயற்பெயர் அக்கில்லே ராத்தி. 1857 மே 31 அன்று இத்தாலியில், மிலானுக்கு அருகே தேசியோவில் பிறந்தார். 1879இல் குருவானார். மிலானின் அம்புரோசியன் நூலகத்தில் பழைய ஏடுகளோடு வாழ்ந்தவர், விடுமுறையில் ஆல்ப்ஸ் மலைக்குப் புறப்பட்டுவிடுவார்.

1889 ஜூலை இறுதியில், தமக்கு 32 வயதானபோது, நண்பர் அருட்பணி. கிராசெல்லியோடும் வழிகாட்டிகள் இருவரோடும் மோன்தே ரோசா மலையின் கிழக்குச் சரிவில் ஏறினார். 1881இல் மரினெல்லி என்பவர் பனிச்சரிவில் சிக்கித் தம் வழிகாட்டிகளோடு உயிரிழந்த இடம் அது. நால்வரும் ஒரே கயிற்றில் தங்களைப் பிணைத்துக்கொண்டு, இறுகிய பனியில் கோடரியால் படி வெட்டி ஏறினார்கள்.

உச்சியை நெருங்கியபோது இருட்டிவிட்டது. ஏறக்குறைய 4,600 மீட்டர் உயரம். நம் ஆனைமுடியோ 2,695 மீட்டர்தான். இருளில் ஓரடி தவறினாலும் நால்வரும் விழ நேரிடும். எனவே குறுகிய பாறைத் திட்டு ஒன்றில் தங்க முடிவு செய்தார்கள். அந்தக் குளிரில் உறங்கினால் உடல் விறைத்து, எழாமலே போகலாம். ஒருவரையொருவர் விழிக்க வைத்தே இரவைக் கழித்தார்கள். மறுநாள் சிகரத்தைத் தொட்டு, மறுபுறம் சுவிட்சர்லாந்தின் செர்மாட் நோக்கி இறங்கினார்கள்.

ஏறத் துணிவு வேண்டும். நின்றுவிடுவதற்கோ விவேகமும் தாழ்ச்சியும் வேண்டும். வீம்புக்காக அவர் உயிரைப் பணயம் வைக்கவில்லை. உடன் வந்தவர்களின் உயிரும் தம் கயிற்றில் இருந்ததை அவர் மறக்கவில்லை.

1922 பிப்ரவரி 6 அன்று அவர் திருத்தந்தையானார். மலையேற்றம் முடிந்தது, பொறுப்பு கூடியது. 1923இல் மென்தோன் புனித பெர்நார்துவை மலையேறுவோரின் பாதுகாவலராக அறிவித்தார். அதே ஆண்டு ஜூன் 12 அன்று நம் அண்டை மறைமாவட்டமான தூத்துக்குடியை உருவாக்கினார். இந்தியரான திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அதன் முதல் ஆயரானார். 1937இல், முதுமையிலும் கடும் நோயிலும், நாத்சி ஆட்சியின் இனவெறியைக் கண்டித்து ஜெர்மன் மொழியிலேயே சுற்றுமடல் எழுதினார். உலகம் உறங்கிவிடலாகாது என்ற கவலை அவருக்கு இருந்தது. 1939 பிப்ரவரி 10 அன்று இறைவனடி சேர்ந்தார்.

அன்பர்களே, நம்மில் யாரும் பனிமலை ஏறப் போவதில்லை. ஆனால் மருத்துவமனை வராண்டாவில் நோயாளிக்குத் துணையாக விடியும்வரை அமர்ந்திருக்கிறோம். குடிக்கு அடிமையான மகனுக்காகக் கதவருகே காத்திருக்கிறோம். அதுவும் அதே கயிறுதான். நம் கயிற்றில் பிணைந்திருப்பவர் யார்? அவருக்காக இன்றிரவு நாம் விழித்திருக்கிறோமா? சிந்திப்போம்.