கடல் கொண்ட எஞ்சின் மேதை

விடியற்காலை நேரம். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகம் விழித்துக்கொள்கிறது. வரிசையாக நிற்கும் விசைப்படகுகளில் ஒன்று முதலில் உறுமுகிறது. பிறகு இன்னொன்று. சிறிது நேரத்தில் துறைமுகமே அதிர்கிறது. படகுகள் கடலை நோக்கிப் புறப்படுகின்றன.

அந்தப் படகுகளை ஓட்டுவது டீசல் எஞ்சின். டீசல் என்பது ஓர் எண்ணெயின் பெயர் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டு இருக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். அவர் கண்டுபிடித்த எஞ்சினுக்கு அவர் பெயர் வந்தது. எஞ்சினில் ஊற்றும் எண்ணெய்க்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

யார் அந்த டீசல்? அவர் வாழ்ந்தது எப்படி? மாண்டது எப்படி? கதைகளில் வருவதைவிட விசித்திரமானது அவர் வாழ்க்கை.

ஏழைக் குடும்பம்

ருடால்ப் டீசல் 1858-ம் ஆண்டு மார்ச் 18-ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மனியில் இருந்து பிழைக்க வந்தவர்கள். தகப்பனார் தோல் சாமான்கள் செய்து விற்பவர். வருமானம் குறைவு.

1870-ம் ஆண்டில் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் போர் மூண்டது. பாரீசில் இருந்த ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டியது ஆயிற்று. டீசல் குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. அங்கும் வறுமை. சிறுவன் ருடால்பை, ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் இருந்த உறவினர் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அந்த உறவினர் கணக்கு வாத்தியார். அப்போது ருடால்புக்கு வயது 12.

தாய் தந்தையைப் பிரிந்த துக்கத்தைப் பையன் படிப்பில் மறந்தான். எஞ்சினியர் ஆவது என்று 14 வயதிலேயே முடிவு செய்துவிட்டான். பிறகு மியூனிக் நகரத் தொழிற்கல்லூரியில் சேர்ந்தான். 1880-ம் ஆண்டில் மிக உயர்ந்த மதிப்பெண்களுடன் தேறினான்.

வகுப்பில் விழுந்த விதை

அந்தக் கல்லூரியில் லிண்டே என்ற பேராசிரியர் இருந்தார். குளிர்பதன எந்திரங்களை உருவாக்கிப் புகழ் பெற்றவர். ஒருநாள் அவர் நீராவி எஞ்சினைப் பற்றிப் பாடம் நடத்தினார். நிலக்கரியை எரிப்பதால் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வேலைக்குப் பயன்படுவது இல்லை, மீதி எல்லாம் வீண் என்று விளக்கினார்.

இது ருடால்பின் மனதில் தைத்தது. பத்து ரூபாய் கொடுத்துக் கரி வாங்கி ஒன்பது ரூபாயைப் புகையாக விடுவதா? வேறு வழியே இல்லையா? அன்று முதல் அவருக்கு அதே சிந்தனை.

படிப்பு முடிந்ததும் பாரீசில் லிண்டேயின் ஐஸ் எந்திரத் தொழிலில் வேலைக்குச் சேர்ந்தார். 1883-ல் மார்த்தா என்ற பெண்ணை மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தன. பகலில் வேலை. மற்ற நேரத்தில் ஆராய்ச்சி. இப்படிப் பல ஆண்டுகள் ஓடின.

தீப்பொறி இல்லாமல் தீ

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அழுத்தினால் சூடு பிறக்கும் என்பதே காரணம். இன்னும் பல மடங்கு அழுத்தினால் என்ன ஆகும்? எண்ணெயைத் தெளித்த உடனே தானாகத் தீப்பிடிக்கும் அளவுக்குக் காற்று சூடாகிவிடும். தீப்பொறி தேவை இல்லை. கொதிகலனும் தேவை இல்லை.

இதுதான் ருடால்ப் கண்ட ரகசியம். 1892-ல் இதற்குக் காப்புரிமை கேட்டு மனுக் கொடுத்தார். மறு ஆண்டு அது கிடைத்தது. ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும், குருப் கம்பெனியும் உதவ முன்வந்தன.

1893-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந் தேதி முதல் சோதனை நடந்தது. எண்ணெய் உள்ளே போனது. படார் என்று ஒரு சத்தம்! அழுத்தத்தை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. பக்கத்தில் நின்றவர்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆனால் ருடால்பின் மனதில் மகிழ்ச்சி. தீப்பொறி இல்லாமலே எண்ணெய் எரிந்துவிட்டது அல்லவா!

1894-ம் ஆண்டு பிப்ரவரி 17-ந் தேதி எஞ்சின் தானாக ஓடியது. சுமார் ஒரு நிமிடம்தான். அதை முதலில் கவனித்தவர் ஒரு தொழிலாளி. அதுவரை பெல்ட்டால் இழுக்கப்பட்ட எஞ்சின் இப்போது பெல்ட்டையே இழுப்பதைக் கண்டார். ஒன்றும் பேசவில்லை. தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்.

சரியாக மூன்று ஆண்டு கழித்து, 1897-ம் ஆண்டு அதே பிப்ரவரி 17-ந் தேதி, பேராசிரியர் ஷ்ரோட்டர் எஞ்சினைச் சோதித்தார். எண்ணெயின் வெப்பத்தில் 100-க்கு 26 பங்கு வேலையாக மாறியது. உலகம் மூக்கின்மேல் விரலை வைத்தது. அமெரிக்காவில் எஞ்சின் செய்யும் உரிமையை ஒரு பணக்காரர் 10 லட்சம் மார்க் கொடுத்து வாங்கினார். ஏழைச் சிறுவன் கோடீசுவரர் ஆனார்.

கடலை எண்ணெயில் ஓடிய எஞ்சின்

1900-ம் ஆண்டு பாரீசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. அங்கே ஒரு சிறிய டீசல் எஞ்சின் ஓடிக்கொண்டு இருந்தது. அதில் ஊற்றி இருந்தது என்ன தெரியுமா? கடலை எண்ணெய்! நம் வீட்டில் வடை சுடும் அதே கடலை எண்ணெய்தான். அது தாவர எண்ணெய் என்பதைப் பார்த்தவர்களில் பலர் கவனிக்கவே இல்லை. அந்த அளவுக்கு எஞ்சின் நன்றாக ஓடியது.

விளைகிற எண்ணெயைக் கொண்டே ஏழை நாடுகள் எஞ்சின் ஓட்டலாம் என்பது ருடாப்பின் நம்பிக்கையாக வளர்ந்தது. பெரிய முதலாளிக்கு மட்டும் அல்லாமல் சிறு தொழிலாளிக்கும் தன் எஞ்சின் உதவ வேண்டும் என்று அவர் விரும்பினார்.

நிலக்கரித் தூளைக்கூட எரித்துப் பார்த்தார். அது பலிக்கவில்லை. தூள் எஞ்சினின் உள்பகுதியைத் தேய்த்துவிட்டது. இந்த எஞ்சினுக்கு எண்ணெய் எதுவாக இருந்தாலும் அது சுத்தமாக இருக்க வேண்டும். அழுக்குத்தான் அதற்கு எமன்.

தூத்துக்குடிப் படகுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைய எஞ்சினில், மிக நுண்ணிய துளைகள் வழியாக டீசல் பீச்சி அடிக்கப்படுகிறது. ஒரு தூசி போதும், துளை அடைபட. அதற்காகவே டீசல் பில்டர் என்ற வடிகட்டி இருக்கிறது. அழுக்கையும் தண்ணீரையும் அது தடுத்து நிறுத்துகிறது.

பில்டர் அடைத்துக்கொண்டால் எஞ்சினுக்கு டீசல் வராது. முதலில் வேகம் குறையும். பிறகு எஞ்சின் நின்றுவிடும். கரையில் என்றால் கவலை இல்லை. மன்னார் வளைகுடாவில், காற்று வீசும்போது நின்றால்? படகு நீரோட்டத்தோடு போகும். பாறை இருக்கலாம். இலங்கை எல்லையைத் தாண்டிவிட்டால் அது வேறு வம்பு. படகில் உள்ளவர்களின் வீட்டில் அன்று இரவு உலை கொதிக்காது.

கழற்ற வராத பில்டர்

பில்டரைக் கழற்றி மாற்றலாம் என்றால், பல நேரங்களில் அதன் கூடு இறுகிப்போய் இருக்கும். அசைக்கவே முடியாது. உப்புக்காற்று மறையைத் துருவாலும் உப்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அலுமினியமும் இரும்பும் சேரும் இடத்தில் இந்தப் பிடிப்பு இன்னும் கடுமை. ரப்பர் வளையமும் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சென்ற முறை பலங்கொண்ட மட்டும் இறுக்கியவர் செய்த தவறும் சேர்ந்துகொள்ளும்.

இதற்கு ஆத்திரம் உதவாது. எஞ்சின் ஆறட்டும். டாங்கியில் இருந்து வரும் குழாயை மூடுங்கள். பில்டரைச் சுற்றி உள்ள அழுக்கைத் துடைத்துவிட்டு, கீழே ஒரு டின்னை வையுங்கள். துரு இளக்கும் எண்ணெயை மறையில் விட்டுப் பல மணி நேரம் ஊற விடுங்கள். ஓர் இரவு முழுவதும் ஊறினால் இன்னும் நல்லது. வெந்நீரில் நனைத்த துணியை மேல்பகுதியில் சுற்றினால் அலுமினியம் சற்று விரிந்து கொடுக்கும். நெருப்பை மட்டும் கிட்டே கொண்டுபோகவே கூடாது.

பிறகு, வார் போட்டுத் திருகும் ஸ்பேனரால் கூட்டை முழுவதும் சுற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டும். எந்தப் பக்கம்? தொங்கும் பில்டரைக் கீழே இருந்து பார்த்தால் இடப்பக்கம். மேலே இருந்து எட்டிப் பார்ப்பவருக்கு அது வலப்பக்கமாகத் தெரியும். இதில் ஏமாந்து இன்னும் இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு! நடுவில் நீளமான போல்ட்டு உள்ள வகையானால், போல்ட்டுக்குச் சரியான அளவு ஸ்பேனரையே போட வேண்டும். அளவு தவறினால் போல்ட்டின் முனைகள் மழுங்கிவிடும். போல்ட்டு கழன்றும் கிண்ணம் வராவிட்டால், மரச் சுத்தியால் பக்கவாட்டில் மெல்லத் தட்டினால் போதும். உளியும் திருப்புளியும் வைத்து அடித்தால் கூடு ஓட்டையாகும். பழையதும் போய்விடும், கடலுக்கும் போக முடியாது.

புதிய ரப்பர் வளையத்தில் சிறிது டீசல் தடவி மாட்ட வேண்டும். பில்டரைக் கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும். கடைசியாக, மேலே உள்ள திருகைத் தளர்த்திவிட்டு, குமிழி நிற்கும்வரை கைப்பம்பை அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். காற்று இருந்தால் எஞ்சின் கிளம்பாது.

தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். இந்த வேலைகளைப் பார்க்க ஏற்ற காலம் அதுவே. கரையில் கழன்று பழகிய பில்டர் நடுக்கடலில் சண்டித்தனம் செய்யாது.

கப்பலில் ஏறிய டீசல்

ருடால்பின் எஞ்சின் கப்பலிலும் ஏறியது. 1912-ம் ஆண்டு பிப்ரவரியில் செலாண்டியா என்ற கப்பல் டென்மார்க்கில் இருந்து பாங்காக்குக்குப் புறப்பட்டது. அதில் புகைபோக்கியே இல்லை! கரி அள்ளிப் போட்டுக் கருகும் ஆட்களும் இல்லை. டீசல் எஞ்சின் கொண்டு பெருங்கடல் தாண்டிய முதல் பெரிய கப்பல்களில் அதுவும் ஒன்று.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி இருந்தார். அவருடைய கப்பல்கள் நீராவிக் கப்பல்கள். முத்துக்குளிக்கப் போன வள்ளங்களும், சரக்கு ஏற்றிய தோணிகளும் அப்போது பாய்மரத்தை நம்பியே ஓடின. பிற்காலத்தில் தோணியிலும் எஞ்சின் வந்தது. மீன் பிடிக்க விசைப்படகு வந்தது. 1961-க்குப் பிறகு இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. எஞ்சின் சத்தமோ ஓயவில்லை.

மர்மச் சாவு

புகழ் இருந்தது. நிம்மதி இல்லை. தொடக்கத்தில் விற்ற எஞ்சின்கள் பழுதாகித் தொல்லை கொடுத்தன. கண்டுபிடிப்பு அவருடையது அல்ல என்று வழக்காடியவர்கள் இருந்தார்கள். ஓயாத தலைவலி. நிலத்திலும் எண்ணெய்த் தொழிலிலும் போட்ட பணம் நஷ்டம் ஆயிற்று. கடன் கழுத்தை நெரித்தது. வெளியே யாருக்கும் தெரியாமல் பெரிய மனிதராகவே வாழ்ந்துகொண்டு இருந்தார்.

1913-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி மாலை. பெல்ஜியத்தில் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில் டிரெஸ்டன் என்ற கப்பலில் ஏறினார். இங்கிலாந்துக்குப் பயணம். நண்பர்களுடன் இரவுச் சாப்பாடு சாப்பிட்டார். காலை ஆறேகால் மணிக்கு எழுப்பும்படி சொல்லிவிட்டு, பத்து மணி சுமாருக்கு அறைக்குப் போனார்.

காலையில் கதவைத் தட்டினார்கள். பதில் இல்லை. உள்ளே பார்த்தார்கள். படுக்கை கலையவே இல்லை. மேல்தளத்தில் அவருடைய தொப்பியும் மேல்கோட்டும் கிடந்தன. அவரைக் காணவில்லை!

பத்து நாட்களுக்குப் பிறகு ஒரு டச்சுப் படகுக்காரர்கள் கடலில் ஒரு பிணத்தைக் கண்டார்கள். கொந்தளிப்பில் அதை ஏற்ற முடியவில்லை. சட்டைப்பையில் இருந்த கண்ணாடிக் கூடு, பேனாக்கத்தி முதலியவற்றை எடுத்துக்கொண்டு உடலைக் கடலிலேயே விட்டார்கள். அந்தச் சாமான்கள் தகப்பனாருடையவை என்று மகன் அடையாளம் சொன்னார்.

ஜெர்மன் உளவாளிகள் கொன்றார்கள் என்று சிலர் பேசினார்கள். எண்ணெய் முதலாளிகளின் வேலை என்றார்கள் வேறு சிலர். எதற்கும் ஆதாரம் கிடைக்கவில்லை. பயணத்துக்கு முன் அவர் மனைவியிடம் ஒரு பையைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்துத் திறக்கச் சொல்லி இருந்தார். அதில் பணம் இருந்தது. கூடவே, பாங்கிக் கணக்கில் ஏறக்குறைய ஒன்றும் இல்லை என்று காட்டும் காகிதங்கள். அவருடைய நாட்குறிப்பில் செப்டம்பர் 29-ந் தேதிக்கு நேராக ஒரு சிறிய சிலுவைக்குறி. கடன் தொல்லையால் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றே பலர் எண்ணுகிறார்கள்.

அப்போது அவருக்கு வயது 55. ஒரு கல்லறைகூட இல்லாமல் கடலோடு கலந்துவிட்டார் ருடால்ப் டீசல். ஆனால் தெரேஸ்புரம் கரையில், பங்கில், லாரிப் பேட்டையில், வயலோரப் பம்பு செட்டில், அவர் யார் என்று தெரியாமலே நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.