விரிசலுக்குக் கணக்குப் போட்டவர்

நம் கல்லூரி லேபில் கம்பியை இழுத்து உடைத்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எத்தனை லோடில் உடைந்தது என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு நேரே கேன்டீனுக்குப் போய்விடுவோம். ஏன் அந்த லோடில் உடைந்தது? நாம் கேட்கவில்லை. கேட்டவர் ஆலன் ஆர்னால்டு கிரிஃபித்.

1893ல் லண்டனில் பிறந்தவர். லிவர்பூலில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, 1915ல் ஃபார்ன்பரோ அரசு விமான ஆலையில் சேர்ந்தார்.

அணுக்களின் பிணைப்பை வைத்துக் கணக்குப் போட்டால் கண்ணாடி பிரமாதமான வலுவுள்ள பொருள். நிஜத்தில் அப்படி இல்லையே! கிரிஃபித் கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்துப் பார்த்தார். ஒரு மில்லிமீட்டர் இழை சதுர அங்குலத்துக்கு 25,000 பவுண்டு தாங்கியது. மூன்று மைக்ரான் இழையோ 4,91,000 பவுண்டு! கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள்தான் வில்லன் என்று முடிவுக்கு வந்தார். விரிசல் நீள, புதுப் பரப்பு உண்டாக வேண்டும். அதற்கு எனர்ஜி வேண்டும். பொருளுக்குள் சேர்ந்திருக்கும் எலாஸ்டிக் எனர்ஜி அந்தச் செலவுக்குப் போதுமானால் விரிசல் ஓடும். 1921ல் கட்டுரை வெளிவந்தது.

என் பிழைப்பே இதில்தான். ஃபைபர் கம்போசிட்டில் விரிசல் வளர்வதைக் கம்ப்யூட்டரில் மாடல் செய்கிறேன். ஆரம்பத்தில், விரிசல் முனையில் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கிட்டே போச்சு. ரெண்டு வாரம் புரோகிராமில் தப்பு தேடினேன். தப்பு அங்கே இல்லை, நான் கேட்ட கேள்வியில் இருந்தது. ஸ்ட்ரெஸ்ஸை விட்டு எனர்ஜியைக் கணக்கிட்டதும் விடை ஓரிடத்தில் நின்றது. இழைகளைப் பிடித்திருக்கும் ரெசின் விஸ்கோஎலாஸ்டிக். அதே லோடில் இன்று அசையாத விரிசல், நாள்பட மெல்ல ஊரும். இந்தக் காலக் கணக்கை 1975ல் ஷேப்பரி சேர்த்தார். அஸ்திவாரம் கிரிஃபித்துடையதுதான்.

அவரும் சறுக்கியிருக்கிறார். 1926லேயே விமானத்துக்கு டர்பைன் இன்ஜின் சரிப்படும் என்று எழுதியவர், 1929ல் இளம் ஃபிராங்க் விட்டில் கொண்டுவந்த ஜெட் யோசனை தேறாது என்றார். அரசும் கைவிட்டது. 1941ல் விட்டிலின் இன்ஜின் பறந்தது! எனக்கு இது இன்றும் உறுத்தல்தான்.

1939ல் ரோல்ஸ்-ராய்ஸுக்குப் போனார். புகழ்பெற்ற ஏவான் இன்ஜின் அவர் போட்ட டிசைனிலிருந்து வந்தது. விரிசல் கட்டுரையை விமான டிசைன்காரர்கள் அதிகம் சட்டை செய்யவில்லை. 1954ல் இரண்டு காமெட் விமானங்கள் நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தன. இன்னொரு காமெட்டைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து அழுத்தம் ஏற்றி இறக்கிச் சோதித்தார்கள். உடலின் திறப்பு ஒன்றின் மூலையில் கிளம்பிய விரிசல் ஓடி, உடல் கிழிந்தது. சோதனை நடந்தது அதே ஃபார்ன்பரோவில். கிரிஃபித் அப்போது அங்கே இல்லை. இன்ஜின் வேலையில் இருந்தார். 1960ல் ஓய்வு பெற்று, 1963ல் காலமானார்.