ஓவியர் இரவிவர்மரும் மகளிர் கோலமும்

வன்னி நாட்டு இல்லங்களிற் சுவாமியறையை அணிசெய்யும் திருமகள், கலைமகள் படங்களை அறியாதார் இலர். செந்தாமரை மீது நிற்கும் அத்திருமகள் உடுத்திருப்பது நம் மகளிர் உடுக்கும் சேலையே. இக்கோலத்தை அச்சுப் படங்களின் வாயிலாக நாடெங்கும் பரப்பியவர் இரவிவர்மர் ஆவார்.

இவர் 1848ஆம் ஆண்டு சித்திரைத் திங்களில், திருவிதாங்கூரைச் சேர்ந்த கிளிமானூரிற் பிறந்தார். இளமையிற் கரித்துண்டு கொண்டு சுவர்களிற் சித்திரம் தீட்டிய சிறுவனின் ஆற்றலை தாய்மாமன் இராசராசவர்மர் கண்டு, 1862இல் திருவனந்தபுர அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். ஆயிலியம் திருநாள் மகாராசாவின் ஆதரவு அங்கே கிடைத்தது. எண்ணெய் வர்ண நுட்பத்தை முறையாகக் கற்பிப்பார் இன்மையின், பிறர் தீட்டுவதைப் பார்த்தும் தாமே முயன்றும் அதனைக் கைவரப் பெற்றார். கூந்தலிற் பூச்சூடும் நாயர் மங்கையின் ஓவியம் 1873இற் சென்னைக் கண்காட்சியிற் பரிசு பெற்று, வியன்னாவிலும் புகழீட்டியது.

அன்று தொடங்கி அவர் தூரிகைக்குப் பெரும்பொருளாக அமைந்தவர் மகளிரே. சகுந்தலை, தமயந்தி, திரௌபதி முதலிய காவிய நாயகியர் நம் வீட்டுப் பெண்கள் போல உயிர்பெற்றனர். மைசூரிலுள்ள ஓர் ஓவியத்தில், பல தேசத்து ஆடையணிகளுடன் பதினொரு மகளிர் இசைக்கருவிகளோடு வீற்றிருக்கக் காணலாம். 1893இற் சிக்காகோவுக்கு அனுப்பிய பத்து ஓவியங்களும் மகளிரைப் பற்றியனவே. அடுத்த ஆண்டில் அவர் பம்பாயில் நிறுவிய அச்சுக்கூடம், கோயிலுக்குட் புகவியலாத ஏழையரின் குடிசைக்குள்ளும் தெய்வத் திருவுருவைக் கொண்டுசென்றது. ஆயினும் கடன் பெருகவே, அதனைத் தம்மிடம் பணிபுரிந்த செருமானியர் ஒருவருக்கு விற்க நேர்ந்தது.

கொழும்பிலே 1877இற் பிறந்த கலைஞானி ஆனந்த குமாரசுவாமி, இவ்வோவியங்களை நாடகப் பாங்கின என்றும் இந்திய மரபின் ஆழம் அற்றன என்றும் கண்டித்தார். அக்கண்டனத்தை நாம் முற்றும் ஏற்பதற்கில்லை, முற்றும் மறுப்பதற்குமில்லை. இரவிவர்மரின் மங்கையர் பலர் காத்திருப்போர்; கடிதம் எழுதுவோர்; கண்ணாடி நோக்குவோர். சேற்றில் இறங்கி நாற்று நடுபவளையும் அருவி வெட்டுபவளையும் அவர் ஓவியங்களிற் காண்பது அரிது. நம் ஊர்ச் சித்திரக்காரர் பலரும் அவ்வழியே சென்று, அயலில் உழைக்கும் பெண்ணின் முகத்தை நோக்காதொழிந்தனர் என்பதே எமது குறை. எனினும், இசைக்கருவி ஏந்திய ஏழைத் தாயையும் அவள் குழந்தைகளையும் அவர் தீட்டிய நாடோடிக் குடும்ப ஓவியத்தைக் கண்டோர், அவருக்குக் கண் இல்லை எனக் கூறத் துணியார். அம்முகத்தில் அவர் கைத்திறன் ஓங்கியே நிற்கின்றது.

இன்னொன்றும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. இவர் தங்கை மங்களாபாயும் ஓவியம் வல்லவர். தமையனாரின் உருவத்தை வரைந்தவர். ஓவியத்துள் இருந்த பெண்களை உலகம் அறிந்த அளவுக்கு, தூரிகை பிடித்த இப்பெண்ணை அறிந்திலது.

உடனிருந்து ஓவியப் பணியிலே துணைபுரிந்த தம்பி இராசராசவர்மர் 1905இல் மறைந்தார். அத்துயரின் பின் இரவிவர்மர் நெடுநாள் வாழ்ந்திலர். 1906ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி கிளிமானூரிற் காலமானார்.