தண்ணீர் கேட்ட துரை

திண்டுக்கல் சமவெளிக்கு 1875-ல் ரயில் வந்தது. மறு ஆண்டே தாது வருஷப் பஞ்சம்! தண்டவாளம் இருந்தது, தண்ணீர் இல்லை. தண்டவாளத்துக்கு முன் தண்ணீரைக் கேட்டவர் ஒருவர் உண்டு. அவரும் வெள்ளைக்காரரே, சர் ஆர்தர் காட்டன்.

1803-ல் பிறந்து, இளவயதிலேயே சென்னைக்கு வந்த பொறியாளர். 1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டித் தஞ்சைக் கழனிகளைக் காத்தார். பின்னர் தவளேஸ்வரத்தில் கோதாவரியை மடக்கினார். கால்வாய் வெட்டினால் பயிரும் விளையும், படகும் ஓடும், ஏழைக்குக் கூலியும் குறையும் என்று ஓயாமல் வாதாடினார்.

கேட்டார்களா? லண்டன் ரயில் கம்பெனிகளுக்கு, லாபம் வந்தாலும் வராவிட்டாலும், போட்ட முதலுக்கு நூற்றுக்கு 5 வட்டி என்று சர்க்கார் உத்தரவாதம்! அந்த வட்டி யார் பணம்? நம் குடியானவன் கட்டிய வரி! நட்டமே இல்லாத வியாபாரத்தை எந்த முதலாளி விடுவான்? குளிர் தேடி மலையேறும் துரைமார் இறங்கிய அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனுக்கோ ஊர்ப்பெயரும் நிலைக்கவில்லை. 80 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊரைச் சொல்லி, அது கோடைக்கானல் ரோடு ஆயிற்று!

பஞ்சம் தின்ற பிணங்களின் கணக்கோடு, 1878-ல் பார்லிமெண்டுக் குழுவின் முன் மீண்டும் வாதாடினார் அந்த முதியவர். குழு அவர் பக்கம் சாயவில்லை. 1899-ல், 96 வயதில் மறைந்தார். திண்டுக்கல் வழிப் பாதை கம்பெனியின் கையை விட்டுச் சர்க்காரிடம் வந்ததோ 1944-ல்.