பில் கவுண்டரைக் கொண்டுவந்தவர் தன் கடையையே இழந்த கதை: யார் இந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ்?

சூப்பர் மார்க்கெட்டில் பொருட்களை எடுத்துக்கொண்டு பில் போடப் போனால் முதலில் வரும் கேள்வி, மெம்பர் கார்டு இருக்கிறதா என்பதுதான். அடுத்தது மொபைல் நம்பர். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். நம்பரைச் சொல்லி, பாயின்ட் எவ்வளவு என்று கேட்டு, அதைக் கழிக்கச் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் இருப்பவருக்குப் பொறுமை போய்விடுகிறது.

கூடையை நாமே எடுப்பது, பொருளை நாமே தேர்ந்தெடுப்பது, கடைசியில் வரிசையில் நின்று காசு கட்டுவது எல்லாம் காலங்காலமாக இருக்கும் பழக்கம் போலத் தோன்றும். ஆனால் இதற்கு வயது நூற்றுச் சொச்சம்தான். இதை ஒரு முறையாக வடிவமைத்து, காப்புரிமையும் வாங்கியவர் அமெரிக்காவைச் சேர்ந்த கிளாரன்ஸ் சாண்டர்ஸ். கோடீஸ்வரராகி, கட்டிய மாளிகையில் ஒருநாள்கூட வாழாமல், சொந்தக் கடையையும் பறிகொடுத்தவர் அவர்.

14 வயதில் மளிகைக் கடை வேலை

சாண்டர்ஸ் 1881-ம் ஆண்டு வர்ஜீனியா மாகாணத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் டென்னசி மாகாணத்துக்குக் குடிபெயர்ந்தது. 14 வயதில் படிப்பு நின்றது. ஊர்க்கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தார்.

பின்னர் மெம்பிஸ் நகரத்துக்கு வந்து மொத்த வியாபார நிறுவனத்தில் விற்பனையாளரானார். ஊர் ஊராகச் சென்று மளிகைக் கடைக்காரர்களிடம் ஆர்டர் எடுப்பதுதான் வேலை. இந்த அலைச்சல்தான் அவருக்குப் பள்ளிக்கூடம். நன்றாக ஓடுவது போலத் தெரிந்த கடைகள்கூட ஏன் திடீரென்று மூடப்படுகின்றன என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தார்.

அவர் கண்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, வசூலாகாத கடன். இன்னொன்று, ஆள் கூலி.

அதுவரை கடை எப்படி இருந்தது?

அன்றைய அமெரிக்க மளிகைக் கடையில் வாடிக்கையாளர் எந்தப் பொருளையும் தொட முடியாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பட்டியலைச் சொல்ல வேண்டும். கடைப் பையன் ஒவ்வொன்றாக எடுத்து, எடை போட்டு, பொட்டலம் கட்டித் தருவார். பல கடைகளில் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காசு? கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

வாடிக்கையாளரைத் தக்கவைக்க அன்று கார்டு இல்லை, நோட்டு இருந்தது. பாக்கி வைத்திருப்பவர் வேறு கடைக்குப் போக மாட்டார். ஆனால் அந்தப் பாக்கி வராமல் போனால், கடைக்காரர் அந்த நஷ்டத்தை ஒழுங்காகக் காசு கொடுப்பவரின் விலையில்தான் சேர்ப்பார்.

யாருக்கு முதலில் பொருள் தருவது என்பதும் கடைக்காரரின் இஷ்டம். வசதியானவர், தெரிந்தவர் வந்தால் முன்னால் நிற்பவர் காத்திருக்க வேண்டியதுதான். தென் மாகாணங்களில் இது இன்னும் கொடுமை. கறுப்பின மக்கள் முதலில் வந்திருந்தாலும், வெள்ளையர்களுக்கு எல்லாம் கொடுத்து முடிக்கும் வரை ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எழுதப்படாத விதியாக இருந்தது.

1916: கவுண்டரைத் தூக்கி வாசலில் வைத்தார்

1916 செப்டம்பரில் மெம்பிஸ் நகரின் ஜெஃபர்சன் அவென்யூவில் சாண்டர்ஸ் ஒரு சின்னக் கடையைத் திறந்தார். பெயர் பிக்லி விக்லி. இது என்ன பெயர் என்று ஊரே சிரித்தது. ஏன் இப்படி வைத்தீர்கள் என்று கேட்டபோது, இப்படிக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் வைத்தேன் என்ற ரீதியில் பதில் சொல்லி நகர்ந்துவிட்டார். பெயரின் உண்மையான காரணம் இன்றுவரை தெளிவாகவில்லை.

ஆனால் கடைக்குள் நடந்தது வேடிக்கை இல்லை. வாடிக்கையாளர் வாசலில் ஒரு கூடையை எடுக்க வேண்டும். ஒரே திசையில் போகும் பாதை, அலமாரிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து கடையின் எல்லாப் பொருட்களையும் காட்டும். ஒவ்வொன்றிலும் விலை எழுதியிருக்கும். பிடித்ததை எடுக்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். பாதை முடியும் இடத்தில் பில் போடுபவர் இருப்பார். அவரைத் தாண்டாமல் வெளியே போக முடியாது. கடன் கிடையாது, டெலிவரி கிடையாது. கையில் காசு, கையில் பை, அவ்வளவுதான்.

இந்த அமைப்புக்கு 1917 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கடைக்குள் ஆட்கள் நடக்கும் பாதைக்கே காப்புரிமை வாங்கியவர் சாண்டர்ஸ். சுயசேவை முறையை வேறு சிலரும் முயன்று பார்த்திருக்கிறார்கள். ஆனால் கூடை, ஒருவழிப் பாதை, விலைச் சீட்டு, கடைசியில் பில் கவுண்டர் என்று எல்லாவற்றையும் ஒரே முறையாகக் கோத்து, ஊருக்கு ஊர் பரப்பியது அவர்தான்.

சாமர்த்தியம் எங்கே என்றால், கடைப் பையன் செய்த வேலையை வாடிக்கையாளரிடம் மாற்றிவிட்டார். அதில் மிச்சமான கூலியை விலையில் குறைத்தார். வேலையை நாம் செய்கிறோம், அதற்குப் பலனாக விலை குறைகிறது. இதுதான் ஒப்பந்தம்.

வரிசை மரியாதை வந்தது இப்படித்தான்

இந்த மாற்றத்தில் சாண்டர்ஸ் பெரிதாகத் திட்டமிடாத ஒன்றும் நடந்தது. எல்லோரும் ஒரே வழியில் நுழைந்து, ஒரே வழியில் வெளியேற வேண்டும் என்றால், முன்னால் வந்தவருக்கு முதல் பில். கடைக்காரரின் கண் ஜாடைக்கு அங்கே வேலை இல்லை. விலையும் எழுதியிருப்பதால் ஆளுக்கு ஒரு விலை சொல்ல முடியாது.

சமூகத்தைத் திருத்துவதற்காக அவர் கடை திறக்கவில்லை. இனப் பாகுபாடு கடைக்கு வெளியே சட்டமாகவே தொடர்ந்தது. ஆனால் கடைக்காரர் பார்த்து வரிசைப்படுத்தும் வழக்கத்தை இந்த அமைப்பு அசைத்துப் பார்த்தது.

கூடவே ஒரு பொறுப்பும் வாடிக்கையாளர் தலையில் விழுந்தது. முன்பு தாமதம் ஆனால் கடைப் பையனைத் திட்டலாம். இப்போது தாமதத்துக்குக் காரணம் முன்னால் நிற்கும் இன்னொரு வாடிக்கையாளர். பில் போட்டு முடித்த பிறகு பர்ஸைத் தேடுவது, டிராலியை மட்டும் வரிசையில் நிறுத்திவிட்டு மறந்துபோன பொருளை எடுக்க ஓடுவது, வேண்டாத பொருளைக் கண்ட இடத்தில் வைப்பது என்று இன்று நாம் எரிச்சல்படும் எல்லாமே இந்த வேலை மாற்றத்தின் தொடர்ச்சிதான். கடை ஊழியர் செய்த வேலையை நாம் ஏற்றுக்கொண்டோம். அதைச் சரியாகச் செய்யாவிட்டால் அடுத்தவருக்கு நேரம் போகிறது.

பரிசு ஸ்டாம்ப்பா, குறைந்த விலையா?

லாயல்டி திட்டங்கள் சாண்டர்ஸுக்கு முன்பே இருந்தன. அமெரிக்காவில் 1896-ல் தொடங்கிய பச்சை ஸ்டாம்ப் திட்டம் பிரபலமானது. வாங்கும் தொகைக்கு ஏற்ப கடைக்காரர் ஸ்டாம்ப் தருவார். அதைப் புத்தகத்தில் ஒட்டி, புத்தகம் நிறைந்ததும் பரிசுப் பொருளாக மாற்றிக்கொள்ளலாம். அந்த ஸ்டாம்ப்களைக் கடைக்காரர் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அந்தச் செலவு எங்காவது விலையில் வந்து உட்காரும்.

சாண்டர்ஸ் போன வழி வேறு. கடன் சலுகையால் கட்டிப்போடாமல், விலையைக் குறைத்தால் ஆட்கள் தானாக வருவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பலித்தது. 1920-களின் தொடக்கத்தில் பிக்லி விக்லி கடைகள் சுமார் 1,200 ஆகின. அவற்றில் பல, பெயரையும் முறையையும் உரிமம் வாங்கி மற்றவர்கள் நடத்தியவை.

பங்குச்சந்தையில் விழுந்த அடி

பணம் கொட்டியது. மெம்பிஸ் நகரில் இளஞ்சிவப்பு மார்பிள் கல்லில் பிரம்மாண்டமான மாளிகை கட்டத் தொடங்கினார் சாண்டர்ஸ். 1922-ல் அவரது நிறுவனத்தின் பங்குகள் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தன.

அதே ஆண்டின் இறுதியில் நியூயார்க் பகுதியில் உரிமம் வாங்கி நடத்திய சில கடைகள் நொடித்துப்போயின. அவை சாண்டர்ஸின் நேரடிக் கடைகள் அல்ல. ஆனாலும் சந்தையில் சிலர் இதை வாய்ப்பாகப் பார்த்தார்கள். ஷார்ட் செல்லிங் தொடங்கியது. அதாவது கையில் இல்லாத பங்கைக் கடனாக வாங்கி இப்போதே விற்பது, விலை விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுப்பது. விலை விழ விழ அவர்களுக்கு லாபம்.

சாண்டர்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. சுமார் 1 கோடி டாலர் கடன் வாங்கி, தன் நிறுவனப் பங்குகளைத் தானே வாங்கிக் குவித்தார். கடனே கூடாது என்று சொல்லிக் கடை நடத்தியவர், அன்றைக்கு வாங்கியது மலைபோன்ற கடன்.

1923 மார்ச்சில் சந்தையில் புழங்கிய பங்குகள் அநேகமாக எல்லாமே அவர் கைக்கு வந்துவிட்டன. விற்றவர்கள் பங்கைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும் என்று மார்ச் 20 அன்று கேட்டார். வாங்கக்கூட பங்கு இல்லாமல் அவர்கள் தவிக்க, விலை 124 டாலர் வரை ஏறியது. சாண்டர்ஸ் ஜெயித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

அப்போதுதான் பங்குச்சந்தை நிர்வாகம் குறுக்கே வந்தது. பிக்லி விக்லி பங்கு வர்த்தகத்தை நிறுத்தியது. பங்கைக் கொடுக்க வேண்டியவர்களுக்குக் கூடுதல் அவகாசம் தந்தது. அந்த அவகாசத்தில் அவர்கள் வேறு இடங்களில் பங்கு தேடித் தப்பித்தார்கள். சாண்டர்ஸிடம் மிஞ்சியது, விற்க முடியாத பங்குகளும் கட்ட வேண்டிய கடனும்தான்.

1923 ஆகஸ்டில் அவர் நிறுவனத்தை விட்டு வெளியேறினார். கட்டி முடிக்காத அந்த மாளிகையும் கடனுக்காகப் போனது.

மிஞ்சியது பெயர் மட்டும்

அத்துடன் அவர் ஓயவில்லை. மறுபடியும் கடைகளைத் திறந்தார். அந்தக் கடைகளுக்கு வைத்த பெயர் இன்னும் விநோதமானது: கிளாரன்ஸ் சாண்டர்ஸ், என் பெயருக்கு நானே ஒரே உரிமையாளர் என்பதுதான் அதன் அர்த்தம். எல்லாம் போன பிறகு பெயராவது என்னுடையது என்று ஊருக்கு அறிவித்தது போல இருந்தது. அந்தக் கடைகளும் வளர்ந்தன. ஆனால் அமெரிக்காவைப் புரட்டிப்போட்ட பொருளாதாரப் பெருமந்தத்தில் அவையும் மூழ்கின.

சாவி கொடுத்த கடை

1937-ல் சாண்டர்ஸ் மூன்றாவது முறையாக வந்தார். இந்தக் கடையின் பெயர் கீடூசில். சாவியே எல்லாம் செய்யும் என்ற பொருள் வரும் ஆங்கில வார்த்தை விளையாட்டு.

உள்ளே நுழையும் வாடிக்கையாளருக்கு ஒரு சாவி. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒவ்வொரு பொருளும் ஒன்று மட்டும் வைக்கப்பட்டிருக்கும். எது வேண்டுமோ அதன் பக்கத்தில் உள்ள துளையில் சாவியை நுழைத்தால், சாவியோடு இணைந்த காகித டேப்பில் அது பதிவாகும். கடைசியில் டேப்பைக் கவுண்டரில் கொடுத்தால், இயந்திரம் அதைப் படித்து பில்லைக் கூட்டும். பொருட்கள் பெல்ட் வழியாக வந்து சேரும். கூடையும் தூக்க வேண்டாம், அலமாரியில் தேடவும் வேண்டாம்.

யோசனை அபாரம். ஆனால் அன்றைய மின் இயந்திரங்கள் அதற்குத் தயாராக இல்லை. கூட்ட நேரத்தில் திணறின, ஒருவர் கேட்ட பொருள் இன்னொருவருக்குப் போனது, பழுது பார்க்கும் செலவு ஏறியது. திருத்தித் திருத்தித் திறந்து பார்த்தார். 1949-ல் அதுவும் முடிந்தது.

விடவில்லை. வாடிக்கையாளரே பில்லையும் கூட்டிக்கொள்ளும் ஃபுட்எலக்ட்ரிக் என்ற அடுத்த கடைக்குத் திட்டம் போட்டார். அது திறப்பதற்கு முன், 1953 அக்டோபரில், 72 வயதில் காலமானார்.

இன்றைய கார்டுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

அவர் கனவு கண்டவை ஒவ்வொன்றாகப் பின்னால் வந்தன. 1974-ல் ஓஹியோ மாகாணத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. ஆளில்லா பில் கவுண்டர்களும் வந்துவிட்டன. 1995-ல் பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் கிளப்கார்டை நாடு முழுக்க அறிமுகம் செய்தது. யார், எப்போது, என்ன வாங்குகிறார் என்ற தகவலைக் கொண்டு வியாபாரத்தைத் திட்டமிடலாம் என்பதை அது மற்ற நிறுவனங்களுக்கும் காட்டியது.

இங்கேதான் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். சாண்டர்ஸின் சாவி பதிவு செய்தது அன்றைக்கு வாங்கிய பொருளை, அன்றைய பில்லுக்காக. இன்றைய கார்டும் மொபைல் நம்பரும் நம்முடைய பல வருட வாங்கும் பழக்கத்தைச் சேர்த்து வைக்க முடியும். பாயின்ட் என்பது சும்மா கிடைக்கும் பரிசு இல்லை, நாம் தரும் தகவலுக்கும் திரும்பத் திரும்ப வருவதற்கும் கடை கொடுக்கும் விலை.

சாண்டர்ஸ் கடையின் ஒப்பந்தம் எளிமையானது: நீங்கள் கொஞ்சம் வேலை செய்யுங்கள், விலை குறையும். அந்தக் குறைந்த விலை உள்ளே வந்த எல்லோருக்கும் ஒன்றுதான். மெம்பருக்கு ஒரு விலை, மற்றவருக்கு ஒரு விலை என்று இருக்கும் இடங்களில் அந்தச் சமநிலை மாறிவிடுகிறது. அதனால் கவுண்டரில் நம்பர் கேட்டால், கொடுப்பதும் மறுப்பதும் நம் விருப்பம் என்பது நினைவில் இருக்கட்டும். கொடுப்பதென்றால் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொள்வது, பின்னால் நிற்பவருக்கு நாம் தரும் மரியாதை. பாயின்ட் சேரவில்லை என்று கேஷியரிடம் கோபப்படுவதில் அர்த்தம் இல்லை, திட்டத்தைப் போட்டது அவர் இல்லை.

மெம்பிஸில் சாண்டர்ஸ் கட்டத் தொடங்கிய அந்த இளஞ்சிவப்பு மாளிகை நகரத்தின் கைக்கு வந்து, 1930-ல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவர் குடியேற முடியாமல் போன அந்த வீட்டுக்குள், அவரது முதல் பிக்லி விக்லி கடையின் மாதிரி வைக்கப்பட்டிருக்கிறது.