சுத்தியல் சொன்ன பாடம்: உடல் அசைவின் அறிவியலை மாற்றிய பெர்ன்ஸ்டைன்

உடற்பயிற்சி அறிவியல் பட்டப்படிப்பில் விளையாட்டு உளவியலோடு சேர்த்துக் கற்பிக்கப்படும் பாடம், அசைவுக் கட்டுப்பாடு. மூளையும் தசையும் எப்படி ஒத்துழைக்கின்றன என்பதை விளக்கும் அந்தப் பாடத்தில் தவறாமல் வரும் பெயர் நிக்கோலாய் பெர்ன்ஸ்டைன்.

1896-ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தவர் அவர். தந்தை மனநல மருத்துவர். சித்தப்பா செர்கெய் பெர்ன்ஸ்டைன் புகழ்பெற்ற கணித மேதை. 1919-இல் மருத்துவப் பட்டம் பெற்ற நிக்கோலாய், உள்நாட்டுப் போர்க் காலத்தில் செம்படையில் மருத்துவராகப் பணியாற்றினார்.

1922-இல் மாஸ்கோவிலுள்ள மத்திய உழைப்பு ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். தொழிலாளர்கள் சுத்தியலால் உளியை அடித்து உலோகம் வெட்டுவதை ஆராய்வது அவருக்குக் கிடைத்த வேலை. தொழிலாளியின் கை மூட்டுகளில் சிறு விளக்குகளைப் பொருத்தி, ஒவ்வோர் அடியையும் படமெடுத்தார்.

படங்கள் காட்டிய உண்மை அவரைச் சிந்திக்க வைத்தது. பழகிய தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில்தான் விழுந்தது. ஆனால் தோள், முழங்கை, மணிக்கட்டு ஆகியவை சென்ற பாதையோ ஒவ்வோர் அடிக்கும் சற்று மாறியது. மூளை ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருந்தால் இப்படி நடக்காது. புலன்கள் தரும் தகவலைக் கொண்டு, மூளை அசைவை அந்தந்த நேரத்திலேயே திருத்திக்கொள்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்தார். பயிற்சி என்பது ஒரே அசைவை மனப்பாடம் செய்வதன்று. ஒவ்வொரு முறையும் சிக்கலைப் புதிதாகத் தீர்க்கப் பழகுவது என்றார். பிற்காலத்தில் ஓட்டம், நடை, பியானோ வாசிப்பு ஆகியவற்றையும் ஆராய்ந்தார்.

இந்தக் கருத்து, நிபந்தனை அனிச்சை பற்றிய பாவ்லோவின் கோட்பாட்டோடு மோதியது. பாவ்லோவை விமர்சித்து அவர் எழுதிய நூல் 1936-இல் அச்சுக்குத் தயாராக இருந்தபோது பாவ்லோவ் காலமானார். பதில் சொல்ல ஆளில்லாத நிலையில் வாதிடுவது முறையன்று என்று கருதி, பெர்ன்ஸ்டைன் அந்த நூலை வெளியிடாமல் நிறுத்திவிட்டார்.

1947-இல் வெளிவந்த அவரது அசைவுகளின் கட்டமைப்பு பற்றிய நூலுக்கு மறு ஆண்டே ஸ்டாலின் பரிசு கிடைத்தது. ஆனால் அந்தப் பெருமை நீடிக்கவில்லை. பாவ்லோவின் வழியிலிருந்து விலகியவர் என்று அவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆய்வுக்கூடத்தையும் வேலையையும் இழந்தார். உடல் திறமை பற்றிப் பொது வாசகர்களுக்காக அவர் எழுதிய மற்றொரு நூலின் அச்சுக்கோப்பும் கலைக்கப்பட்டது.

அதன் பிறகு ஆய்வுக்கூடம் இல்லாமலே எழுதினார். இளம் கணித அறிஞர்களும் மருத்துவர்களும் அவர் வீடு தேடி வந்து கற்றனர். தமக்கு வந்திருப்பது குணப்படுத்த முடியாத நோய் என்பதை மருத்துவரான அவரே அறிந்துகொண்டார். எஞ்சிய நாள்களை இறுதி நூலை முடிக்கச் செலவிட்டு, 1966 ஜனவரியில் காலமானார்.

மறு ஆண்டு அவரது கட்டுரைகள் ஆங்கிலத்தில் நூலாக வந்து, உலக ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்தன. அச்சுக்கோப்பு கலைக்கப்பட்ட அந்த நூல் 1991-இல்தான் வெளிவந்தது. ஆசிரியர் மறைந்து அப்போது இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.