முத்துச்சிப்பியை ஆராய்ந்த ஹேர்ட்மன்

முத்துப் பிறக்கும் இடங்களென மூங்கிலையும் கரும்பையும் யானைக் கொம்பையும் மேகத்தையும் நம் முன்னோர் அடுக்கிவைத்தனர். மழைத்துளி சிப்பியின் வாயில் வீழ்ந்து முத்தாகும் என்பதும் வழிவழி வந்த நம்பிக்கை. முத்து மெய்யாக எவ்வாறு பிறக்கின்றது, அதனை ஈனும் சிப்பி ஆண்டுக்கணக்காய் ஏன் மறைந்துபோகின்றது என்னும் வினாக்களுக்கு விடைதேடி மன்னார்க் குடாவுக்கு வந்தவர் வில்லியம் அபட் ஹேர்ட்மன்.

இவர் 1858ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்தின் எடின்பரோ நகரிற் பிறந்தார். அங்கே கல்வி முடித்தபின், சலஞ்சர் என்னும் கப்பல் உலகக் கடல்களினின்று கொணர்ந்த உயிரினங்களை ஆராயும் பணியிற் சேர்ந்தார். 1881இல், இருபத்துமூன்று வயதிலேயே, லிவர்ப்பூற் கல்லூரியிற் பேராசிரியரானார். 1892இல் மான் தீவின் போர்ட் எரின் என்னுமிடத்திற் கடலாராய்ச்சி நிலையம் அமைய முன்னின்றார்.

அக்காலத்தில் இங்கிலாந்திற் சிப்பி உண்டோர் சிலர் நெருப்புக்காய்ச்சலுக்கு ஆளாயினர். சிப்பி என்றாலே மக்கள் அஞ்சினர். ஹேர்ட்மன், பொயிஸ் என்னும் மருத்துவப் பேராசிரியருடன் கூடி இதனை ஆராய்ந்து 1899இல் நூலாக வெளியிட்டார். குற்றம் சிப்பியினுடையதன்று, கடலிற் கலந்த சாக்கடை நீரினது. ஓடுகின்ற தூய கடல்நீரிற் சில நாள் இட்டுவைப்பின் சிப்பியின் உடலிலுள்ள அக்கிருமிகள் பெரிதும் குறைந்துவிடும் என்று அவர்கள் கண்டனர்.

இலங்கையிலோ 1891க்குப் பின் பத்தாண்டுக்கு மேலாகச் சலாபம் நிகழவில்லை. அரசாங்கத்தின் வேண்டுகோட்படி ஹேர்ட்மன், ஜேம்ஸ் ஹோர்ணெல் என்னும் உதவியாளருடன் 1902 சனவரியில் வந்துசேர்ந்தார். லேடி ஹவ்லொக் என்னும் கப்பலிலேறிப் பார்தோறும் சென்று, குளியாளரை இறக்கியும் வலையால் வாரியும் கடலடியைத் துருவினார். சில மாதங்களில் அவர் தாயகம் திரும்ப, ஹோர்ணெல் தங்கியிருந்து பணியைத் தொடர்ந்தார்.

கரைக்கு ஏறத்தாழ 20 மைலுக்கப்பால் உள்ள பெரிய பாரே அவர்களை வியக்கவைத்தது. 1902 மார்ச்சிற் குஞ்சுச்சிப்பிகள் அங்கே எண்ணிறந்தனவாய்ச் செறிந்திருந்தன. நவம்பரிற் பார்த்தபோது அவற்றைக் காணவில்லை. தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பும் அலையும் பெயர்மணலும் அவற்றை அள்ளிக்கொண்டு போயின. ஆண்டுக்காண்டு நம்பிக்கையூட்டி ஏமாற்றிய பார் அது. ஆகவே அங்கே தோன்றும் குஞ்சுகளை வாரிச் சேவற்பார் முதலிய காப்பான இடங்களிற் பெயர்த்து நடுக, குஞ்சுகள் பற்றுதற்குக் கல்லும் இறந்த பவளமும் கடலடியில் இடுக என்றார். நாற்றுப் பிடுங்கி நடும் உழவனுக்கு இது புதுமையன்று. கடலில் அதனைச் செய்யலாம் என்பதே புதுமை.

முத்துப் பற்றி அவர் கண்ட முடிபு இன்னும் வியப்பானது. திருக்கை மீனின் குடலில் வாழும் நாடாப்புழுவின் இளம்பருவம் சிப்பியுட் புகுந்து இறக்க, அதனைச் சுற்றிச் சிப்பி பளிங்குப் படலம் பூசுவதே முத்து என்றார். சிப்பியைக் கிளாத்தி தின்ன, கிளாத்தியைத் திருக்கை தின்னப் புழுவின் வாழ்க்கை வட்டம் நிறைவுறும். எனவே சிப்பியை அழிக்கும் பகையே முத்துக்கு வித்திடுவதுமாயிற்று! அழகான கருத்துத்தான், ஆயினும் நிலைக்கவில்லை. 1912இல் ஜேம்சன் என்பவர் இலங்கை முத்துக்களை மீளவும் ஆராய்ந்து இக்கொள்கையை மறுத்தார். சிப்பியின் மேற்றோலிழையம் உள்ளே பெயர்ந்து பையாகி முத்தை உண்டாக்குகின்றது என்பதை யப்பானியரின் வளர்ப்புமுத்து உலகறியக் காட்டிற்று.

1903 முதற் சலாபங்கள் மீண்டும் நிகழ்ந்தன. 1905இல் எட்டுக்கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டு, அரசாங்கத்துக்குச் சுமார் 25 இலட்சம் ரூபா கிடைத்தது. மறு ஆண்டே பார்களை இருபதாண்டுக் குத்தகைக்கு, ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக, ஒரு கம்பனிக்கு விட்டனர். 1907இன் பின் சிப்பி விளையவில்லை. 1912இற் கம்பனி கலைந்தது. குஞ்சு பெயர்த்து நடுதல் சில ஆண்டுகளிற் பயன்தருவதன்று. கணக்கேட்டைப் பார்த்திருந்தோர்க்கு அப்பொறுமை வாய்க்கவில்லை என்றே யாம் கருதுகின்றோம்.

ஹேர்ட்மனின் ஐந்து பாக அறிக்கை 1903 முதல் 1906 வரை வெளிவந்தது. மன்னார்க் கடலின் நண்டும் புழுவும் பஞ்சுயிரும் அதிற் பெயர்பெற்றன. 1916இல் ஒரே மகனைச் சோம் போர்க்களத்தில் இழந்தார். பின்னர் லிவர்ப்பூலிற் கடலியலுக்கெனப் பேராசிரியர் பதவி ஏற்படப் பொருளளித்தார். 1924இற் காலமானார். அடுத்த ஆண்டு, 1925இல், மன்னார்ப் பார்களில் மீண்டும் முத்துக் குளித்தனர்.